ஸ்காட்லாந்தில், காட்டர்லைன் என்ற கடலோரக் கிராமத்தில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மங்கை,

போட்டோ கிடைத்தது. கூட ஒரு வரிகூட இல்லாததால் அதையே பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சால்மன் வலை காயப்போடுகிற கம்பத்தில், நடுவில் ஒரே ஒரு கட்டுப் போட்டு நீ படம் வரைகிற பலகையை நிறுத்தியிருக்கிறாய். அது நிற்காது, கண்ணு.

4 அடிக்கு 6 அடி ஹார்ட்போர்டு காற்றில் பாய்மரத்துப் பாய்க்குச் சமம். 70 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால் ஐம்பது, அறுபது கிலோ பாரம் தள்ளுகிற மாதிரி. நீ கடலைப் பார்த்து நிற்கிறாய், காற்று கடலிலிருந்து வருகிறது. பலகை சாய்ந்தால் உன் மேல்தான் சாயும். அதனால் மேல் மூலை இரண்டின் கயிறும் கடல் பக்கமாகப் போய்க் கல்லில் முடியவேண்டும். காற்று திரும்பினால் பிடித்துக்கொள்ள உன் பக்கம் ஒன்று. கீழ் விளிம்பு தரையோடு தரையாக இருக்கட்டும். பின்னால் சுற்றிலும் ரீப்பர் கட்டை அடித்துக் குறுக்கே ஒன்று கொடு. இல்லாவிட்டால் போர்டின் வயிறு உள்ளே போய்ப் போய் வந்து, காய்ந்த வண்ணம் வெடித்துவிடும். கயிற்றுக்குத் துளை ரீப்பரில் போடு, போர்டில் போடாதே. துளை வழியாக ஈரம் ஏறி ஊதிக்கொள்ளும். நாலு ஓரத்துக்கும், முதுகுக்கும் பிரைமர் அடித்தாயா?

உனக்குப் பிடித்த ஓவியர் ஜோன் ஏர்ட்லியும் அதே கரையில் கயிறும் கல்லும் வைத்துக் கட்டித்தான் புயலில் நின்று வரைந்தார். அந்தம்மாவுக்குக் கட்டத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. கிளாஸ்கோவில் படிப்பு 1943இல் முடிந்ததும் ஆசிரியர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, படகு கட்டுகிற பட்டறையில் தச்சு வேலைக்குப் போனவர். நான் உனக்கு ரீப்பர் அடிக்கச் சொல்லிக்கொடுக்க வந்தபோது நீ என்ன சொன்னாய் என்று உனக்கே தெரியும்.

மணல் சேர்க்கிறாய் என்பது போட்டோவிலேயே தெரிகிறது. அந்தம்மாவின் 1961ஆம் வருடத்து 'அலை' படத்திலும் வண்ணத்தோடு பொடிக்கல் உண்டு. ஆனால் கரையில் அள்ளியதை அப்படியே போடாதே. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு நாள் வண்ணம் பொருக்காக எழும்பிவிடும். நல்ல தண்ணீரில் நாலு தரம் அலசி, காயவைத்து, சலித்து, பிறகு ஆளிவிதை எண்ணெயில் பிசறிக்கொள். புல்லும் அப்படித்தான். 'கோடை வயல்கள்' படத்தில் நிஜப் புல்லும் விதைக்கதிரும் ஒட்டியிருக்கிறதே என்று நீ பச்சையாகப் பிடுங்கி வைக்கிறாய். பச்சைத்தண்டு உள்ளே சுருங்கும், சுற்றியிருக்கிற வண்ணம் சுருங்காது. தண்டு உதிர்ந்து கூடுதான் மிஞ்சும். உலர்த்தி வை. படகுக்காரர்களிடம் வாங்கிய எனாமலை ஈர எண்ணெய் வண்ணத்தின் மேல் பூசாதே. மேல்தோல் முந்திக் காயும், அடி நெகிழ்ந்தே கிடக்கும், கிழவி முகம் மாதிரி சுருக்கம் விழும். அந்தக் குளிரில் எண்ணெய் காய இங்கே ஆகிற நாளைப்போல் பல மடங்கு ஆகும்.

உன் படத்தின் இடது ஓரத்தில் மேகத்துக்கும் நீருக்கும் நடுவே ஒரு சாம்பல் நிறம் வைத்திருக்கிறாய். அந்தச் சாம்பல் எனக்கு ஐம்பது வயது வரைக்கும் வரவில்லை.

திங்கட்கிழமை அபர்டீன் போகிற வேலை இருக்கிறதாமே. அம்மா சொன்னாள். எதற்கு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அங்கே கிழக்குக் காற்று என்று பார்த்தேன். அலை நன்றாக எழும்பும். எழும்பினாலும் நீ போய்விட்டு வா. புயல் என்று தகவல் வந்தால் கிளாஸ்கோவில் போட்டது போட்டபடி கிளம்பி காட்டர்லைனுக்கு ஓடியவர் ஏர்ட்லி என்று நீதான் பெருமையாகச் சொல்வாய். ஓடியவர்தான். அவர் இருந்த தெற்கு வரிசை முதல் வீட்டில் கரண்ட் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, தரை வெறும் மண். அதிலும் இருந்து வரைந்தார். உனக்கு ஹீட்டர் இருக்கிறது, போட்டுக்கொள், பில்லை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் கதையைப் பாதியோடு நிறுத்தாதே. 1963இல் ராயல் ஸ்காட்டிஷ் அகாடமி அவரை முழு உறுப்பினராக எடுத்துக்கொண்டது. அதே வருடம் மார்பில் வந்த நோய் மூளைக்குப் போயிருந்தது. ஆகஸ்ட் 16. வயது 42. சாம்பலைக் கரைத்தது நீ தினமும் கல் பொறுக்குகிற அந்தக் கரையில்தான். கடைசி வருடங்களில் வீட்டைச் சுற்றியுள்ள அதே வயலையும் அதே கடலையும் திரும்பத் திரும்ப வரைந்தார். இன்னும் இருபது வருடம் வரைந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று கணக்குப் போடவே எனக்குப் பிடிக்கவில்லை.

பலகை ஒரு நாள் காத்திருக்கும். அலை மறுநாளும் வரும். திங்கட்கிழமை போ.

உன் பெரிய அத்தை விஷயம். அவள் முதலில் சொன்னது டாக்டரிடமும் இல்லை, உன் அம்மாவிடமும் இல்லை. என்னிடம்தான். மெட்ராஸ் கண்காட்சிக்குப் பதினொரு நாள் இருந்தது. "முடியட்டும் அக்கா, நானே கூட்டிக்கொண்டு போகிறேன்" என்றேன். முடிந்ததும் படங்களைத் திருப்பி அனுப்புகிற வேலை வந்தது, அப்புறம் பொங்கல் வந்தது. அவளும் மறுபடி வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கண்காட்சியில் எந்தப் படம் வைத்தேன் என்பதே எனக்கு இப்போது சரியாக ஞாபகமில்லை.

ரீப்பருக்கு ஒன்றரை அங்குல ஸ்குரூ போடாதே, போர்டைத் துளைத்து முன்னால் வந்துவிடும். பசை போட்டு ஒட்டி, ஒரு நாள் பாரம் வை, போதும்.

போய்வந்ததும் எழுது. அதைப் பற்றி எழுத வேண்டாம். பலகை காய்ந்ததா இல்லையா என்று ஒரு வரி போடு, எனக்குப் புரியும்.

அப்பா