மழை தருமோ பந்தயமும் பதினேழு கசெட்டும்

கல்லடி
வெள்ளிக்கிழமை, வெள்ளாப்பு

அன்புள்ள மச்சான்,

நேற்று இரவு மட்டும் நீ அனுப்பிய பாட்டுகள் எழுபத்துமூன்று. எண்ணிப் பார்த்தேன். போன் விடாமல் டிங் டிங் என்று அடிக்க, ஆருக்கு என்ன ஆச்சோ என்று மனிசி பயந்து எழும்பி வந்துவிட்டா. ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை, அக்கரைப்பற்றில் ஒருவனுக்குப் பென்சன் எடுத்த பிறகு நித்திரை வருகுதில்லை, அவ்வளவுதான் என்று சொல்லித் திரும்பப் படுக்க அனுப்பினேன்.

எழுபத்துமூன்றில் நான் கேட்டது நாலு. நாலாவதில் நின்றுவிட்டேன். "மழை தருமோ என் மேகம்." கீழே எவனோ எழுதியிருக்கிறான், 'இளையராஜாவின் அரிய பாடல்' என்று. நீயும் அதை அப்படியே தள்ளிவிட்டிருக்கிறாய், போதாததுக்கு ஒரு இதயப் படமும் சேர்த்து. போனில் மறுமொழி எழுதினால் நீ வாசிக்காமலே அடுத்த பாட்டை அனுப்புவாய். அதனால்தான் கடதாசியும் பேனையும் எடுத்தேன்.

மச்சான், அதுக்கு இசை ஷியாம். 1978இல் வந்த 'மனிதரில் இத்தனை நிறங்கள்'. ஆர். சி. சக்தி எடுத்த படம். பாலசுப்ரமணியமும் சைலஜாவும் பாடியது. இதை நான் உனக்குச் சொல்வது இது முதல் தரம் இல்லை என்பது உனக்கும் தெரியும்.

உனக்கு ஞாபகம் இல்லாவிட்டால் நான் ஞாபகப்படுத்துகிறேன். 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி அடித்த பிறகு வந்த மாதங்கள். ஊரில் நிமிர்ந்து நின்ற தென்னை குறைவு, கரண்ட் கனவு. உங்கள் வாப்பாவின் ரேடியோவுக்கு இரண்டு பற்றரி. பகல் முழுக்க அதுகளை வெயிலில் காய வைத்து, பின்னேரம் போட்டால் அரை மணித்தியாலம் உயிர் வரும். அந்த அரை மணித்தியாலத்துக்குள்தான் இந்தப் பாட்டு வந்தது. பாட்டு முடிந்து, அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொன்னார், பாடியவர்களைச் சொன்னார், "இசை" என்றார். பற்றரி செத்தது.

நீ இளையராஜா என்றாய். 'அன்னக்கிளி' வந்து இரண்டு வருடத்துக்குள் நல்லதெல்லாம் அவருடையதுதான் என்ற நிலை உனக்கு. நான் இல்லை என்றேன். ஷியாம் என்றெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, ஆனால் அந்த வயலின் நடக்கிற நடை அவருடைய நடை இல்லை என்று மட்டும் பட்டது. தோற்றவன் மற்றவனுக்கு ஒரு சி-60 கசெட் நிறையப் பாட்டுப் பதிந்து தரவேண்டும் என்று பந்தயம். அடுத்த மாதமே திரும்பவும் அந்தப் பாட்டு ஒலிபரப்பாகி, பெயரையும் சொன்னார்கள். ஷியாம் என்று கொப்பியில் எழுதினவன் நான். நீ அன்றைக்கு வயல் வட்டைக்குப் போயிருந்தேன், காதால் கேட்காததை ஏற்க ஒண்ணாது என்று சொன்னவன். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, மச்சான். கசெட் இன்னும் வரவில்லை.

சரி, கோபத்தை விடு. நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. அந்தக் கசெட்டுகளைக் கணினிக்கு மாற்றி முடித்துவிட்டேன்.

எந்தக் கசெட்டுகள் என்று கேட்பாய். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது இந்த வீட்டில் இருந்த இசைத்தட்டுகள், பிளேயர், கசெட் அலுமாரி எதுவும் மிஞ்சவில்லை. ஆட்கள் தப்பியதே பெரிது, அதைப் பற்றி நான் பேசுவதில்லை. மிஞ்சியது நீ இரவல் வாங்கிக்கொண்டு போய், பத்து வருடமாகத் திருப்பித் தராமல் வைத்திருந்த பதினேழு கசெட்டும் பாட்டுக் கொப்பியும். நீ நாணயமான மனிசனாக இருந்திருந்தால் அதுகளும் வாவியோடு போயிருக்கும். 2005இல் ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வந்து, ஒன்றும் கதைக்காமல் என் மடியில் வைத்தாயே, அன்றைக்கு நானும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: நன்றி, கள்ளா.

அதுகளைப் பாடவைக்க நான் பட்ட பாடு தனிக் கதை. ஐந்து கசெட்டில் நாடா ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். பென்சிலைப் பல்லுச் சக்கரத்துக்குள் கொடுத்துப் பையப் பையச் சுற்றி, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஒன்றில் சத்தம் போர்வைக்குள் இருந்து வருவதுபோல வந்தது. பிறகு பார்த்தால், நாடாவை டெக்கின் வாசிப்புத் தலைக்கு அழுத்திப் பிடிக்கிற அந்தச் சின்னப் பஞ்சுத் துண்டு பசை காய்ந்து விழுந்துவிட்டது. அரிசி மணியளவுதான் அது. அது இல்லாமல் சுசீலா சுசீலாவாக இல்லை. வேறொரு சமயப் பேச்சுக் கசெட்டின் ஐந்து ஸ்குரூவையும் கழற்றி, அதன் உறைக்குள் நம்முடைய நாடாவை மாற்றினேன். பேச்சாளர் மன்னிப்பார்.

டெக்கின் பெல்ட் தளர்ந்திருந்தது இன்னொரு கூத்து. தட்டும் கசெட்டும் மெதுவாகக் கிறுகினால் சுருதி இறங்கும் என்று உனக்குத் தெரியும். பி. பி. ஸ்ரீனிவாஸ் தடிமன் பிடித்த போடியார் மாதிரிப் பாடினார். டவுனில் ரேடியோ திருத்துகிற பெடியன் ஒருவனிடம் புது பெல்ட் போட்ட பிறகுதான் மனுசர் குரல் வந்தது. பிறகென்ன, சி-60 என்றால் பக்கத்துக்கு அரை மணித்தியாலம், பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டேதான் பதிய வேண்டும். அவசரப்பட வழியில்லை. எனக்கு அது நன்றாகப் பிடித்துப் போயிற்று.

உன் மருமகன் மாசக் கடைசியில் ஊருக்கு வரும்போது ஒரு பென் டிரைவ் தந்துவிடுவேன். அதில் பதினொரு பாட்டு மட்டும்தான் இருக்கும். நாளைக்கு ஒன்று கேள், பதினொரு நாளைக்குப் போதும்.

முதலாவதாக வைத்திருப்பது "தென்னங்கீற்று ஊஞ்சலிலே". ஸ்ரீனிவாசும் ஜானகியும். படம் 'பாதை தெரியுது பார்', 1960. நிமாய் கோஷ் என்ற வங்காளி எடுத்த படம். பாட்டு எழுதியது ஜெயகாந்தன், கதை எழுதுகிற அதே ஜெயகாந்தன். இசை எம். பி. ஸ்ரீனிவாசன். படம் ஓடவில்லை. நீயும் நானும் எந்தத் தியேட்டரிலும் அதைப் பார்த்ததில்லை, பார்த்த ஒருத்தரையும் சந்தித்ததில்லை. ஆனால் பாட்டு மனப்பாடம். ஓடாத படத்தின் தட்டைக் கொழும்பில் ஒரு களஞ்சியத்தில் வைத்து, இலங்கை வானொலிக்காரர் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அதனால்தான் அந்தப் பாட்டு உயிரோடு இருக்கிறது. அதே படத்தில் டி. எம். எஸ். பாடிய "சின்னச் சின்ன மூக்குத்தியாம்" இன்னும் கொஞ்சம் கூட அறியப்பட்டது, அதை நான் போடவில்லை.

இந்தத் தென்னங்கீற்றில் ஒரு விசயம். டவுனில் இருந்த ஒரு ரெக்கோடிங் பாரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, ஒரு கிழமை கழித்துப் போய் வாங்குவோமே, அவர்கள் பக்கத்தின் கடைசிப் பாட்டை எப்போதும் அரைகுறையாகத்தான் பதிவார்கள். நாடா முடிகிற இடத்தில் பாட்டு முடிந்துவிடும். எனக்கு இந்தப் பாட்டு அப்படித்தான் வாய்த்தது. இரண்டாம் சரணத்தின் நடுவில் 'டக்'. எத்தனையோ வருடம் அந்த டக் வரைக்கும்தான் கேட்டேன். இப்போது முழுப் பாட்டும் கையில் இருக்கிறது, ஆனாலும் அந்த இடம் வரும்போது காது தானாக டக்குக்குக் காத்திருக்கும். உனக்கு இரண்டையும் அனுப்புகிறேன். டக் உள்ளதைத்தான் முதலில் கேள்.

மறுகா ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கொப்பியின் முப்பத்தோராம் பக்கத்தில் உன் கையெழுத்தில் ஒரு பிழை இருக்கிறது. "தேன் சிந்துதே வானம்" என்ற பாட்டுக்கு நேரே, படம்: 'தேன் சிந்துதே வானம்', இசை: வி. குமார் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பாட்டு 1973இல் வந்த 'பொண்ணுக்குத் தங்க மனசு' படத்தில் வருவது, இசை ஜி. கே. வெங்கடேஷ். அவரிடம்தான் உன் இளையராஜா உதவியாளராக இருந்தார், ஆகவே கொஞ்சம் மரியாதை வை. 'தேன் சிந்துதே வானம்' என்ற பெயரில் 1975இல் வந்தது வேறு படம். அதற்குத்தான் வி. குமார். ஜேசுதாஸ் பாடிய "உன்னிடம் மயங்குகிறேன்" அதில்தான். பாட்டின் பெயரில் படமும், படத்தின் பெயரில் பாட்டும் இருந்தால் நீ மட்டுமில்லை, எவனும் விழுவான். சிவப்புப் பேனையால் திருத்தியிருக்கிறேன்.

நீ சிரிப்பாய், ஆர் போட்டால் என்ன, பாட்டு நல்லாயிருக்கா என்று பார் என்பாய். எனக்கு அது சரிவரவில்லை, மச்சான். இளையராஜாவுக்கு இன்னொரு பாட்டு கூடினால் என்ன, குறைந்தால் என்ன? கடலுக்கு ஒரு வாளித் தண்ணி. ஷியாமுக்குத் தமிழில் இருப்பதே கொஞ்சம். தமிழ் கைவிட்ட மனுசன் மலையாளத்தில் போய்ப் பெருவாழ்வு வாழ்ந்தார். எம். பி. ஸ்ரீனிவாசனும் அப்படித்தான், அங்கே போய்த்தான் படம் படமாக இசையமைத்தார். இஞ்சாலே, இலங்கையில் பார்த்தால் ஆர். முத்துசாமியும் எம். கே. ரொக்சாமியும் சிங்களப் படங்களுக்குப் பாட்டுப் போட்டே காலத்தைக் கழித்தார்கள். உங்கள் வாப்பா உயிரை விடுவாரே மொஹிதீன் பேக், அவர் சேலத்தில் பிறந்தவர். சிங்களத்தில் புத்தரைப் பாடி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தார். இப்படி அயலூரில் குடியிருக்கிறவர்களுடைய ஒன்றிரண்டு தமிழ்ப் பாட்டையும் பெரிய மரத்துக்குக் கீழே தள்ளிவிட்டால் அவர்களுக்கு இஞ்சே என்ன மிச்சம்? கல்லடிப் பாலத்துக்குக் கீழே மீன் பாடுகிறது என்று கேட்க வருகிறார்களே, விட்டால் அதற்கும் இசை இளையராஜா என்று போட்டுவிடுவார்கள், நீ இதயம் வைத்து அனுப்புவாய்.

மற்றப் பாட்டுகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. கேட்டால் தெரியும். பொப் பாட்டு ஒன்றும் இல்லை, "சின்ன மாமியே" கலியாண வீடு எல்லாவற்றிலும் கேட்கிறது, நீயும் ஆடுகிறாய்.

என்னிடம் இல்லாத பாட்டு ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். "ஓ வண்டிக்காரா". நம்முடைய பெரியநீலாவணை நீலாவணன் எழுதிய கவிதை, வானொலியில் மெல்லிசையாக வந்தது. 1975 ஜனவரியில் நாற்பத்து மூன்று வயதில் மனுசன் போய்ச் சேர்ந்துவிட்டார். சினிமாப் பாட்டு என்றால் ஆரோ ஒருவனிடம் தட்டு இருக்கும், கசெட் இருக்கும். வானொலி நிலையத்தில் பதிந்த மெல்லிசைக்குக் கடையில் தட்டு எங்கே கிடைக்கும்? கேட்டவன் காதில் நின்றால்தான் உண்டு. நான் அக்கரைப்பற்றுக்கு வரும்போதெல்லாம் பஸ் பெரியநீலாவணையைத் தாண்டும் இடத்தில் வாய் தானாக முணுமுணுக்கும். போன தடவை பக்கத்து சீட் பெடியன் காதில் இருந்த வயரைக் கழற்றி, "என்ன அங்கிள், என்னையா கூப்பிட்டீங்க?" என்றான். ரேடியோவில் இருந்து அதைப் பதிந்தவன் ஆராவது உங்கள் பக்கம் இருப்பான். சம்மாந்துறை, நிந்தவூர் என்று உனக்குத்தான் ஊரெல்லாம் சொந்தம். விசாரி.

விசாரிக்கிறது இருக்கட்டும், உன் வீட்டிலேயே இருப்பதை முதலில் எடு. உன் ராத்தா சொல்லுவாவே கவி, மூத்தம்மாவிடம் கேட்டுப் பழகினது. வயல் காவலுக்குப் போனவனை நினைத்துச் சொல்கிற அந்த நாலைந்து. உங்கள் வீட்டு நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது, குசினிக்குள் இருந்து அவ சொல்ல, நானும் நீயும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டோம், ஞாபகமா? அவவுக்கு எண்பது ஆகியிருக்கும். போனை மேசையில் வை, விசிறியை நிறுத்து, கோழியைக் கொஞ்சம் தூரத் துரத்து, ஆனால் அவவை நிறுத்தித் திருத்தாதே. இடையில் மறந்து இருமினாலும் விடு. வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திப் பாட்டை நான் போனில் பதிந்தேன். பாதி நேரம் பக்கத்தில் ஒரு பிள்ளை அழுகிறது. அழித்துவிட மனம் வரவில்லை, அதையும் பதினொன்றில் ஒன்றாக வைத்திருக்கிறேன்.

சுடுகிற கச்சான் காத்து தொடங்கிவிட்டது, பகலில் வீட்டுக்குள் இருக்க ஏலாது. முழங்கால் அப்படியேதான். மனிசி உன் வீட்டாரை விசாரித்ததாக எழுதச் சொன்னா, எழுதிவிட்டேன்.

கடைசியாகப் பந்தயம். பென் டிரைவில் பதிந்து கையில் வைத்து ஏமாற்ற ஒண்ணா. வாய் சொன்னது சி-60. வெற்றுக் கசெட் இப்போது எங்கேயும் கிடைக்காது என்று சொல்வாய், எனக்கும் தெரியும், தேடு. நாற்பது வருடம் பொறுத்தவன் இன்னும் ஒரு மாதம் பொறுப்பேன். பக்கத்தின் கடைசிப் பாட்டை மட்டும் முழுசாகப் பதி.

அன்புடன்,
உன் கொப்பிக்காரன்