வைகை எக்ஸ்பிரஸில் வந்த தம்பிக்கு

போன வாரம் திண்டுக்கல்லில் ஏறி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்த டீச்சர் நான்தான். வேகமாக இயங்கும் எஸ்எஸ்டி என்ற புது டிஸ்க் போட்டும் என் லேப்டாப் திறக்கவே 3 நிமிடம் ஆனது. மறுநாள் கொடுக்க வேண்டிய வினாத்தாள் அதற்குள் இருந்தது.

நான் தவிப்பதைப் பார்த்து, "பார்க்கட்டுமாக்கா?" என்று நீங்களாகவே கேட்டீர்கள். எந்த டிஸ்க் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் பழைய ஹார்டு டிஸ்க் 100%, எஸ்எஸ்டி 0%. கடைக்காரர் விண்டோஸை எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்துவிட்டு, பழையதை டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் மாட்டியிருக்கிறார். ஆனால் லேப்டாப் எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்கிற பூட் வரிசையை, பயாஸ் என்ற தொடக்க அமைப்பில் மாற்றவில்லை. இரண்டு வாரமாகப் பழைய டிஸ்க்கில்தான் எல்லாம் ஓடியிருக்கிறது!

மாற்றுவது ஒரு நிமிட வேலை என்றீர்கள். ஆனாலும் உடனே மாற்றவில்லை. "நகல் எடுத்த பிறகு நீங்க டைப் பண்ணினதெல்லாம் பழைய டிஸ்க்லதானேக்கா இருக்கும்" என்று, உங்கள் பென்டிரைவில் என் ஃபைல்களை முதலில் பத்திரப்படுத்தினீர்கள். எனக்குத் தோன்றியே இருக்காது. அந்தக் கவனத்தை நினைத்தால் இப்போதும் மனசு நெகிழ்கிறது.

விழுப்புரத்தில் அவசரமாக இறங்கிவிட்டீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. பென்டிரைவ் என்னிடமே இருக்கிறது தம்பி, பத்திரமாக. இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.