மருந்து நிறுவனங்கள் கேட்காத கேள்விகளுக்கும் நிதி ஒதுக்குங்கள்

தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். அடுத்த நிதி ஒதுக்கீட்டில் ஒரு வகை ஆய்வுக்குத் தனியாக இடம் கேட்டு இதை எழுதுகிறேன். இருக்கிற மருந்தையே குறைத்துக் கொடுத்தால் போதுமா, இருக்கிற பரிசோதனையை இன்னும் எளிதாக்க முடியுமா என்று பார்க்கும் ஆய்வு அது.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாட்டா நினைவு மருத்துவமனை செய்ததைப் பாருங்கள். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கோளாறான இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். வெறும் கண்ணே போதும். லேபுக்கு அனுப்ப வேண்டாம், ரிசல்ட்டுக்காக இன்னொரு நாள் அலைய வேண்டாம். பரிசோதித்தவர்கள் டாக்டர்கள்கூட இல்லை, சில வாரப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். சுமார் 1,50,000 பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதனை நடந்த பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணங்கள் 31 சதவீதம் குறைந்திருந்தன.

அதே மருத்துவமனை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு நிவோலுமாப் என்ற, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தை வெறும் 20 மில்லிகிராம் அளவில் மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. வழக்கமான அளவு 240. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதம். குறைந்த அளவு நிவோலுமாபும் சேர்ந்தபோது அது 43 சதவீதமானது. முழு அளவை வாங்க வழியில்லாத குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது!

இப்படிப்பட்ட ஆய்வை மருந்து விற்பவர்கள் தாமாக எடுத்துச் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அளவு குறைந்தால் விற்பனையும் குறையும். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. இந்தக் கேள்விகளைப் பொதுப் பணம்தான் கேட்க வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான தடுப்பூசி ஒரு தவணையே போதுமென்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றதும் இந்த மாதிரியான ஆய்வுகளால்தான்.

புது மருந்துக்கான நிதியைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் ஒரு நிலையான பங்கை இதற்கென்று ஒதுக்குங்கள். அப்புறம், பரிசோதனைத் திட்டம் எதுவானாலும் எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற கணக்கோடு நிற்காதீர்கள். கோளாறு தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்பதையும் கேட்டு வாங்கி, ஆண்டுதோறும் மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு குடிமகள்