செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பச்சத் கட் என்னும் மகளிர் சுயஉதவிக் குழுச் சகோதரிகளே, பெரியோர்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை மும்பை தாராவியில் உள்ள நம் சங்கம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் இந்தப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வழக்கமான காரியங்களை முதலில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

செயற்குழு ஒன்பது முறை கூடியது. ஜூலைக் கூட்டம் மழையால் நடக்கவில்லை. சங்க அறையில் முழங்கால் தண்ணீர் நின்றதை எல்லோரும் பார்த்தீர்கள். நூலகத்தின் கீழ்த்தட்டில் இருந்த பழைய வார இதழ்கள் போயே போய்விட்டன. மாலை டியூஷன் தொடர்கிறது. கணக்குக்கு நல்ல ஆசிரியை கிடைத்துவிட்டார், மராத்திக்கு இன்னும் தேடுகிறோம். தொண்ணூறடி ரோட்டை ஒட்டிப் பொங்கல் விழா நடந்தது. கோலப்போட்டித் தீர்ப்பில் எழுந்த சண்டை இன்னும் ஓயாததால் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

சரி, இனி டிசம்பர் 1.

உலக எய்ட்ஸ் தினத்துக்கு நாம் பல வருடங்களாகக் கூட்டம் போடுகிறோம். யாராவது ஒருவர் வந்து ஒருவனுக்கு ஒருத்தி என்று பேசுவார், சாயா பிஸ்கட் கொடுப்போம், கலைந்து போவோம். அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். நானே நான்கு முறை பேசியிருக்கிறேன்.

இந்த ஆண்டு மே மாதம், மகனின் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி ஒரு சகோதரி சங்கத்துக்கு வந்தார். வேலை முடிந்ததும் வாசல் வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. கணவர் வழியாக வந்தது, கணவர் இப்போது இல்லை. “நான் ஒருத்தர் கூடத்தான் வாழ்ந்தேன் அண்ணாச்சி. உங்க டிசம்பர் கூட்டத்துல வந்து உட்கார்ந்து கேட்டா, நான் எந்தக் கணக்குல வர்றேன்?” என்று கேட்டார். இதை அறிக்கையில் எழுத அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன், பெயர் வேண்டாம் என்று சொன்னார். அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அவர் போன பிறகு பழைய நிகழ்ச்சிக் குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தேன். எனக்கு நினைவிருந்த ஒரு பொங்கல் உண்டு. கணவரை இந்த நோய்க்குப் பறிகொடுத்த ஒரு பெண் அந்த வருடம் சமையல் குழுவில் இருந்தார். அவர் கிண்டிய பானையை யாரும் தொடவில்லை. அடுத்த வாரக் குறிப்பில் “சமையல் குழு மாற்றி அமைக்கப்பட்டது” என்று ஒரே வரி இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. அந்தக் குடும்பம் பிறகு கல்யாண் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. சோற்றில் எச்.ஐ.வி. பரவாது என்பது அன்றைக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்துகொள்ள நாம்தான் மெனக்கெடவில்லை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூன் செயற்குழுவில் நான் வைத்தது இதுதான்: இந்த நோய் யாருக்கு வரும் என்று பேசுவதை விடுவோம், எப்படி வரும் என்று பேசுவோம். இந்தியாவில் எச்.ஐ.வி.யை 1986-இல் முதன்முதலில் கண்டறிந்தது நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதனை வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. அந்த மாதிரிகள் பாலியல் தொழிலாளர்களுடையவை. ஆகவே ‘அது அவங்க நோய்’ என்ற எண்ணம் முதல் நாளே ஒட்டிக்கொண்டது. பிற்பாடு 2000-களின் தொடக்கத்தில் ஊருக்குப் போனவர்கள் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாடே பேசிய கேள்வி அது. ஆனால் நம்மில் பலர் புள்ளிராஜாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவன் வேறு யாரோ என்று இருந்துவிட்டோம். இன்று நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஆண் பெண் உறவு வழியாகத்தான் வந்திருக்கிறது. இதில் புள்ளிராஜாவின் மனைவியும் உண்டு.

2024 டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது நல்லதாகப் போயிற்று. அரசு பரிசோதனை மையத்தில் ஆலோசகராக இருக்கும் ஒரு அம்மா வருவதாக ஒப்புக்கொண்டார். நோட்டீஸில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘கவுன்சிலர் வருகிறார், கேள்விகள் கேட்கலாம்’ என்று அச்சடித்துவிட்டேன். மாநகராட்சியில் 2022 மார்ச்சுக்குப் பிறகு அன்று வரை கவுன்சிலரே இருக்கவில்லை. புதிதாக யாரோ வந்துவிட்டார் என்று நினைத்து, குழாயில் தண்ணீர் வராத புகாரோடு பத்து இருபது பேர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் சிலர் எழுந்து போனார்கள், மீதிப் பேர் இருந்தார்கள். நம் கூட்டத்துக்கு வழக்கமாக வராத ஆண்கள் வந்தது அந்தப் பிழையால்தான்.

அந்த அம்மா மராத்தியும் இந்தியும் கலந்து பேச, நம் டியூஷனில் படித்து இப்போது நர்சிங் படிக்கும் தங்கை தமிழில் சொன்னார். ‘லைங்கிக் சம்பந்த்’ என்றதை அவர் பதற்றத்தில் ‘பாதுகாப்பில்லாத சம்பந்தம்’ என்று சொல்ல, ஒரு பெரியவர் “ஆமா, விசாரிக்காம சம்பந்தம் பண்ணக் கூடாது” என்று தலையாட்டினார். சிரிப்பு அடங்கியதும் தங்கை மூச்சை இழுத்துக்கொண்டு ‘உடலுறவு’ என்றார். மூத்த உறுப்பினர்கள் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். அதன் பிறகு அந்தச் சொல் இருபது முப்பது முறை வந்தது. விசிறியை யாரும் பார்க்கவில்லை.

கேள்விகளைப் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதி ஊறுகாய் டப்பாவில் போடச் சொல்லியிருந்தோம். பாதிக்கு மேல் கொசு, சலூன் பிளேடு, பொதுக்கழிப்பறை. கொசுவின் உடலுக்குள் இந்தக் கிருமி பெருகாது, ஆகவே கொசு பரப்பாது. ஒரே தட்டில் சாப்பிடுவது, கைகுலுக்குவது, கட்டிப்பிடிப்பது, இருமல், கழிப்பறை எதிலும் வராது. குளிர்பானத்தில் ரத்தம் கலந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் பொய். உடலுக்கு வெளியே இந்தக் கிருமி சீக்கிரம் செத்துவிடும். சலூனில் புது பிளேடு கேட்பது நல்ல பழக்கம்தான், அது முக்கியமாக மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்காக.

வரும் வழிகள் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆணுறை இல்லாத உடலுறவு, ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொள்வது, சோதிக்காத ரத்தத்தை ஏற்றுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு. தாயிடமிருந்து என்றால் கர்ப்பத்தில், பிரசவத்தில், தாய்ப்பாலில் வரலாம். மருந்து எடுக்காவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரைக்கும் தொற்றலாம். முறையாக மருந்து எடுத்தால் ஐந்துக்கும் கீழே வந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில் இந்தச் சோதனை இலவசம் என்பதைப் பச்சத் கட் சகோதரிகள் தங்கள் சாலில் (குடியிருப்பு வரிசையில்) எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு சீட்டில் ‘ஆணும் ஆணும் என்றால்?’ என்று மட்டும் இருந்தது. இதைப் படிக்கலாமா என்று தங்கை என்னைப் பார்த்தார், படி என்று சொன்னேன். ஆலோசகர் அம்மா குரலை மாற்றாமல் பதில் சொன்னார். ஆசனவாய் வழி உறவில் ஆபத்து அதிகம், அங்கே உள்சவ்வு மெல்லியது, சுலபமாகக் கீறல் விழும். இது ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும். ஆணுறையும் தண்ணீர் கலந்த ஜெல்லும் வேண்டும். மனமொத்த பெரியவர்களின் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது, ஆகவே பயப்படாமல் மையத்துக்கு வரலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். சீட்டு எழுதியவர் அந்த அறையில் இருந்திருந்தால், பதில் கிடைத்திருக்கும்.

ஆணுறை பற்றி நமக்குத் தெரியும் என்று நினைத்திருந்தோம். 1968-இலிருந்து நிரோத் விற்கும் நாடு இது. தெரியவில்லை என்பது அன்று தெரிந்தது. தேங்காய் எண்ணெய், வாசலின் போட்டால் ரப்பர் பலவீனமாகிக் கிழிந்துவிடும். பர்ஸில் மாதக்கணக்கில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தால் சூட்டில் கெட்டுவிடும். பல்லால் பிரிக்கக் கூடாது. பாதுகாப்பு என்று இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டினால் உராய்ந்து இரண்டுமே கிழியும். தேதி பார்க்க வேண்டும். உறவு தொடங்கும் முன்பே போட வேண்டும், நடுவில் இல்லை. ஒரு மரக்கட்டையில் செய்து காட்டினார். பின்வரிசையில் இருந்த, மூன்று பிள்ளை பெற்ற ஒரு அண்ணன் “இவ்வளவு நாள் தப்பாப் போட்டுட்டு இருந்திருக்கோம்” என்று தன்னையறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

பெண்களுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தோம். அங்கே நான் இல்லை. அவர்கள் எனக்குச் சொன்ன வரைக்கும், திரும்பத் திரும்ப வந்த கேள்வி ‘புருஷனிடம் எப்படிக் கேட்பது?’ என்பதுதானாம். ஆணுறை எடு என்றால் என்னைச் சந்தேகப்படுகிறாயா என்பான், இல்லையென்றால் நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்பான். குழந்தை இப்போது வேண்டாம் என்று சொல்லிக் கேட்கலாம், இருவருமாகச் சேர்ந்து சோதனைக்குப் போகலாம் என்று ஆலோசகர் சொன்னாராம். எல்லா வீட்டிலும் இது நடக்காது என்று அவரே ஒப்புக்கொண்டாராம். ஆகவே இந்தப் பேச்சை ஆண்கள் முதலில் எடுக்க வேண்டும். வருடத்தில் பத்து மாதம் லாரியிலும் கப்பலிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள் நம்மில் நிறைய. யார் எங்கே என்ன செய்தார் என்று சங்கம் கேட்கவில்லை. ஊருக்குப் போகிற ரயிலில் ஏறும் முன் சயான் மருத்துவமனைக்கு ஒரு நடை போய்வாருங்கள் என்று மட்டும் கேட்கிறது.

சோதனை இலவசம், சம்மதம் கேட்டுத்தான் எடுப்பார்கள், முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். தொற்று என்று உறுதி செய்யும் முன் மூன்று வெவ்வேறு கிட்டுகளில் பார்க்கிறார்கள். நேற்று நடந்ததற்கு இன்று சோதித்தால் தெரியாது. ரத்தத்தில் தென்படச் சில வாரங்கள் ஆகலாம், ஆகவே மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஆணுறை கிழிந்துவிட்டது, ஊசி குத்திவிட்டது, பலாத்காரம் நடந்துவிட்டது என்றால் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுக்கலாம். முதல் நாளே போவது நல்லது. சந்தேகம் இருந்தால் 1097, இலவச எண்.

வந்துவிட்டால்? 2004-இலிருந்து கிருமியை அடக்கும் ஏ.ஆர்.டி. மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. 2017-இலிருந்து, நோய் முற்றும் வரை காத்திருக்காமல், தொற்று தெரிந்ததுமே தொடங்குகிறார்கள். பெரும்பாலோருக்கு இப்போது நாளுக்கு ஒரே மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி சோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால், உடலுறவு வழியாக அது மற்றவருக்குப் போகாது. இதைக் கேட்டதும் மே மாதம் வந்த அந்தச் சகோதரி, கூட்டத்தில் யாருக்கும் தெரியாதபடி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவருக்கு அது எப்போதோ தெரியும். நாங்கள்தான் புதிதாகக் கேட்டோம். அப்புறம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, எச்.ஐ.வி. இருப்பதற்காக வேலையிலிருந்து நீக்குவதும், பள்ளியில் சேர்க்க மறுப்பதும், வாடகைக்குக் கோலி, அதாவது குடியிருக்கும் அறை, தர மறுப்பதும் தவறு. கோலி வாடகைக்கு விடும் உறுப்பினர்கள் குறித்துக்கொள்ளவும்.

கூட்டத்துக்குப் பிறகு சிலர் சோதனைக்குப் போனார்கள். எத்தனை பேர், யார் யார் என்று செயற்குழுவில் ஒருவர் பட்டியல் கேட்டார். தீப்பெட்டிக்குக்கூட ரசீது கேட்கும் செயலாளர் நான், உங்களுக்கே தெரியும். இந்தக் கணக்கை மட்டும் நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

ஆணுறைப் பெட்டி வைப்பதில் இரண்டு கூட்டங்கள் போயின. பிள்ளையார் படத்துக்கு எதிரே வைக்கக் கூடாது என்பதில் ஒருமனதான கருத்து. பெண்கள் வந்துபோகும் வாசலில் வேண்டாம் என்று சிலர் சொன்னபோது, பெண்கள் எடுக்கக் கூடாதா என்று பச்சத் கட் தலைவி கேட்டார். கடைசியில் மாடிப்படித் திருப்பத்தில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டினோம். அங்கே விளக்கு மங்கல், அதுவே வசதி என்று கேரம் ஆடும் பையன்கள் சொன்னார்கள். வாரம் இருமுறை நிரப்ப வேண்டியிருக்கிறது. பூட்டுப் போடலாம் என்ற தீர்மானம் தோற்றது.

கூட்டச் செலவு முழுவதும் உறுப்பினர் நன்கொடையில் முடிந்தது, விவரம் பொருளாளர் அறிக்கையில். மரக்கட்டை செய்து கொடுத்த தச்சர் அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார், அவருக்கும் மொழிபெயர்த்த தங்கைக்கும் நன்றி. வரும் ஆண்டில் இதே கூட்டத்தை ஜூன் விடுமுறை முடிந்து எல்லோரும் ஊரிலிருந்து திரும்பியதும் இன்னொரு முறை நடத்தலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. நோட்டீஸில் இந்த முறை ‘ஆலோசகர்’ என்றே போடுகிறேன்.

குழாய்த் தண்ணீர் மனு தனியாக எழுதி வார்டு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

இந்த அறிக்கையை அவையின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்
தாராவி, மும்பை