சனிக்கிழமை ராத்திரி நத்தை தேடல்

மக்களே, சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு ஓடில்லா நத்தை பாக்கப் போறோம், மழை பெஞ்சா இன்னும் நல்லது. பூந்தொட்டிக்கு அடியில, அழுகின கட்டை, ஈரச் சுவர் ஓரமெல்லாம் தேடுங்க. சென்னைல தோட்டத்துல சிக்குறது லெவிகாலிஸ் ஆல்டே, ஆப்பிரிக்காலேர்ந்து வந்த ஆளு, கறுப்பா தட்டையா இருக்கும், நடு முதுகுல வெளிறின கோடு ஓடும். மேலேர்ந்து ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு என்ன இனம்னு கேக்காதீங்க ப்ளீஸ், குனிஞ்சு வலது பக்கத்தையும் எடுங்க, பல இனங்களுக்கு மூச்சு விடுற ஓட்டை அங்கதான் இருக்கும் (லெவிகாலிஸுக்கு அங்க இருக்காது, அதுவே அடையாளம்). டார்ச்ச நேரா அடிச்சா சளி பளபளன்னு போட்டோவையே கெடுத்துடும், மேல டிஷ்யூ பேப்பர் சுத்திக்கோங்க. வெறுங்கையால தொடாதீங்க, எலி நுரையீரல் புழு (மனுஷங்களையும் தாக்குற ஒட்டுண்ணி) இருக்கலாம். அப்புறம், போன தடவ உப்புப் பொட்டலத்தோட வந்தவர் இந்தத் தடவ சும்மா வாங்க, உப்பு பட்டா நத்தை செத்துடும் 😄