டைம் அவுட்டை மாணவிகளிடம் விடுங்கள்: அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

குறுவட்டப் போட்டியில் மாணவியர் கபடி நடக்கும்போது கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். "காலைப் பிடி", "போனஸ் எடு" என்று கோட்டுக்கு வெளியே நிற்கும் ஆசிரியரின் குரல்தான் கேட்கும். களத்தில் நிற்கும் ஏழு பேர் வாயே திறப்பதில்லை. கேப்டனுக்கு டாஸ் போடுவதும் கோப்பை வாங்குவதும்தான் வேலை. தலைமைப் பண்பு வளரும் என்று சொல்லி அணி சேர்க்கிறோம். முடிவெடுப்பதை மட்டும் நாமே வைத்துக்கொள்கிறோம். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற கண்ணகி நகர் கார்த்திகா, அந்த அணியின் துணைக் கேப்டனும்கூட. பதக்கத்தைக் கொண்டாடிய அளவுக்கு இதை யாரும் பேசவில்லை.

கபடியின் விதிகளே ஆடுபவளைத்தான் நம்புகின்றன. ஒருத்தி எதிரணிப் பக்கம் போய் ஆட்களைத் தொட்டுவிட்டுத் திரும்பும் ரெய்டு 30 விநாடி. அதற்குள் ரெய்டருக்கு அவள் அணியிலிருந்து யாராவது யோசனை சொன்னால் எதிரணிக்கு ஒரு புள்ளி. எதிரே ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் (போனஸ் கோட்டைத் தாண்டினால் கிடைக்கும் புள்ளி) உண்டு என்பதால், ஆளை எண்ணிக்கொண்டுதான் அவள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் இந்தியப் பெண்கள் சீன தைபேயை வென்றது 26–25 என்றுதான். ஒரு போனஸ் தவறியிருந்தால் கதை வேறு.

பிடி எங்கே நழுவுகிறது? கார்னர் (தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவள்) காலைப் பற்றுமுன் கவர் (அவளுக்கு உள்பக்கமாக நிற்பவள்) பாய்ந்துவிடுகிறாள்; அவளையும் தொட்டுவிட்டு ரெய்டர் திரும்பிவிடுகிறாள். அல்லது கார்னர் பற்றியும் கவர் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். இரண்டுக்கும் காரணம் பலக்குறைவு இல்லை, குரல் கொடுக்காததுதான். "சத்தம் போடாதே" என்று கேட்டே வளர்ந்தவள் மைதானத்தில் திடீரென்று கத்த மாட்டாள். அதையும் பழக்க வேண்டும். பின்வாங்க ஒன்று, பிடிக்க ஒன்று, உதவிக்கு வர ஒன்று என மூன்று குறுஞ்சொற்களை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பாதி வேகத்தில் ரெய்டு விட்டுப் பத்து நிமிடம் பயிற்சி. உரிய நேரத்தில் சொல் வராவிட்டால் ரெய்டரைப் பிடித்தாலும் புள்ளி கிடையாது. சொல்லும் பொறுப்பை நாளுக்கு ஒருத்தியாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் வாயாடி ஒருத்தியே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

சிறந்த ரெய்டரையே கேப்டனாக்குவது வழக்கம். ஆனால் அவள்தான் அடிக்கடி அவுட்டாகி வெளியே உட்காருபவள். கார்னரிலோ கவரிலோ நிற்பவளுக்குக் கொடுத்துப் பாருங்கள். மாதம் ஒருமுறை ஆளை மாற்றுங்கள். மாற்று ஆட்டக்காரர் ஐவரில் ஒருத்தி, யார் எந்த வரிசையில் அவுட்டானார்கள் என்று நோட்டில் குறிக்கட்டும். அதே வரிசையில்தான் உள்ளே வர வேண்டும். கணக்கு வைத்திருப்பவள் சொல்வதைக் கேப்டனும் கேட்டே ஆக வேண்டும்.

ஒவ்வொரு பாதியிலும் ஓர் அணிக்கு இரண்டு டைம் அவுட் (ஆட்டத்தை நிறுத்திப் பேசிக்கொள்ளும் இடைவேளை), தலா 30 விநாடி. கேப்டனும் கேட்கலாம், களத்தில் ஆடும் எவரும் கேட்கலாம். பயிற்சி ஆட்டத்தில் நான்கையும் அவர்களிடமே விட்டுவிட்டு நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். இது உங்களுக்குத்தான் கஷ்டம். முதலில் லோனா போன பிறகே, அதாவது அணி மொத்தமும் அவுட்டான பிறகே, கேட்பார்கள். குறுக்கிடாதீர்கள். மூன்று பேர் மிஞ்சும்போதே கேட்டிருந்தால், பிடித்தால் கூடுதல் புள்ளி கிடைக்கும் அந்த நேரத்தில் யாரை எங்கே நிறுத்துவது என்று பேசியிருக்கலாம். இரண்டு மூன்று ஆட்டத்தில் அவர்களுக்கே பிடிபடும்.

விழப் பழகாமல் பிடிக்க விடாதீர்கள், முழங்கால் போய்விடும். மண்ணைக் கொத்திச் சலித்து, மரத்தூள் கலந்து நிரப்புங்கள். தோடு, கொலுசு கழற்றியாக வேண்டும்; நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் இல்லையென்றால் மாதவிடாய் நாட்களில் பாதி அணி வராது.

தலைமையாசிரியர்களிடம் தனியாக இரண்டு கேட்கிறோம். ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவிகளின் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுக்காதீர்கள். மாலைப் பயிற்சியை ஊர்ப் பேருந்து கிளம்பும் நேரத்துக்கு முன்பே முடித்து, அந்த நேரத்தைப் பெற்றோருக்கு எழுதியே அனுப்புங்கள். பிள்ளை எப்போது வருவாள் என்று தெரியாத வீட்டில்தான் "இனி போக வேண்டாம்" என்ற பேச்சு கிளம்புகிறது.

இப்படிக்கு,
பள்ளி மாணவியர் கபடிப் பயிற்றுநர்கள் சிலர்