தண்டல் கடனுக்கு மாற்று வேண்டும்

ஆசிரியருக்கு,

ரொக்க உதவியைவிடத் தனிமனித ஒழுக்கமே வறுமையைப் போக்கும் என்று வாதிட்ட தங்கள் தலையங்கம் கண்டு வருந்தினேன். காசிமேட்டில் எங்கள் தெருவில் மீன் விற்கும் பெண்மணி, மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையில் ஒரு காசைக்கூட வீணாக்குவதில்லை. ஆனால், விடியற்காலை ஏலத்தில் மீன் எடுக்க, தினவசூல் கடனான தண்டலில் அவர் 10,000 ரூபாய் வாங்கினால் கைக்கு வருவது 8,500 ரூபாய்தான். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் அடைக்க வேண்டும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் வசூல் நிற்பதில்லை. இதில் அவருடைய ஒழுக்கத்தில் என்ன குறை கண்டோம்?

உரிமைத் தொகை வரவாகும் வங்கிக் கணக்கையே ஆதாரமாக ஏற்று, கூட்டுறவு வங்கிகள் மீன் விற்கும் பெண்களுக்குக் குறைந்த வட்டியில் சிறுகடன் வழங்க வேண்டும். விடியற்காலை ஏலத்துக்கு முன்பே பணம் கைக்குக் கிடைக்க வேண்டும். தடைக்காலத்தில் தவணை கேட்கக் கூடாது.

– ஒரு வாசகி, காசிமேடு, சென்னை